ஹிப்னாடிசம்: நினைவு தப்புமா? ஐ.பி.எஸ். குடல் கோளாறுக்கு உதவுமா?

குழப்பவாதி:
ஐ.பி.எஸ். (எரிச்சல் கொண்ட குடல் கோளாறு) தரும் வயிற்று வலிக்கு ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிச சிகிச்சை எடுக்கலாம் என்கிறார்கள். மேடையில் காட்டுவது போல ஆளை மயக்கிவிடுவார்களா? ஒரு அமர்வில் என்னதான் நடக்கும்? எத்தனை அமர்வு தேவைப்படும்?

ஏழாம்படி:
மயக்கமும் இல்லை, தூக்கமும் இல்லை. தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லை வைத்து 'ஹிப்னாடிசம்' என்று பெயர் சூட்டிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டே பின்னாளில் அதை மாற்றப் பார்த்தார். பழைய பெயர்தான் நின்றது. கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சுற்றுப்புறம் பின்வாங்கும் நிலை அது. பேசுவது காதில் விழும். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம்.

முதல் அமர்வில் பெரும்பாலும் பேச்சுதான். அடுத்ததில், புருவத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். அண்ணாந்து பார்த்தால் இமை தானாகவே சோர்ந்துவிடும், வேறு மாயமில்லை. பிறகு மூச்சைத் தளர்த்தி, படியிறங்குவது போல 10-லிருந்து 1 வரை எண்ணுவார்கள். அதன்பின் கருத்தேற்றம்: கையை வயிற்றில் வைத்து, உள்ளங்கையின் கதகதப்பு உள்ளே பரவுவதாக, குடல் நிதானமாக ஓடும் ஆறாக நினைக்கச் சொல்வார்கள். "வலிக்காது, வலிக்காது" என்பவர் தொழில் தெரியாதவர். கவனத்தை வலியின் மேலேயே அல்லவா கொண்டுபோய் நிறுத்துகிறார்!

கடைசியில் 1 முதல் 5 வரை எண்ணி எழுப்பும்போது, 'கை கனக்கிறது' போன்று இடையில் சொன்ன கருத்தேற்றங்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் தலைபாரம், மந்தம் தங்கிவிடும்.

கறார்கந்தன்:
குடல் விஷயத்தில் ஆதாரம் உண்டு. 1984-ல் மான்செஸ்டரில் மருத்துவர் வோர்வெல் குழு 30 பேரிடம் செய்த ஆய்வு 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது: 3 மாதத்தில் அரைமணி நேர அமர்வுகள் 7. இப்போது 7 முதல் 12 வரை வழக்கம். 12 மாதம் மருந்து சாப்பிட்டும் கேட்காதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதல். சிகரெட்டை விட வைக்கும் விஷயத்தில் ஆதாரம் பலவீனம். 'ஒரே அமர்வில் உத்தரவாதம்' என்பவரிடம் போகாதீர்கள்.

முதலில் ஐ.பி.எஸ்.தானா என்று மருத்துவர் உறுதிசெய்யட்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை இருந்தால் பரிசோதனைதான் முதல் வேலை.

குழப்பவாதி:
எல்லாருக்கும் பலிக்குமா? வீட்டிலேயே ஒலிப்பதிவு கேட்டால் போதாதா?

ஏழாம்படி:
ஆளுக்கு ஆள் மாறும். ஸ்டான்ஃபோர்டில் 1959-ல் வைட்சன்ஹோஃபர், ஹில்கார்ட் என்ற உளவியலாளர்கள் யார் எவ்வளவு ஆழ்வார்கள் என்று அளக்க 12 சோதனை கொண்ட அளவுகோலையே உருவாக்கினார்கள். ஏறக்குறைய 10-15 சதவீதம் பேர் வெகு எளிதில் ஆழ்ந்துவிடுவார்கள், அதே அளவினருக்கு ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது, மற்றவர்கள் நடுவில். இது கேட்பவரின் இயல்பு, வசியக்காரரின் சக்தி அல்ல. ஒலிப்பதிவு அமர்வுக்குத் துணை: தினமும் 15-20 நிமிடம், வண்டி ஓட்டும்போது கூடவே கூடாது.

கறார்கந்தன்:
ஒன்று விட்டுப்போயிற்று. 'சிறுவயதுக்குக் கூட்டிப்போய்ப் புதைந்த நினைவைத் தோண்டுகிறேன்' என்றால் மறுத்துவிடுங்கள். அந்த நிலையில் கற்பனையும் நினைவு போலவே பதியும், அதுவும் அசைக்க முடியாத நம்பிக்கையோடு. மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.