பதில்: குடிநீரில் இருப்பதெல்லாம் மாசா? ‘ஏறுபொருள்’ பற்றி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையில் வரும் ‘கன்டாமினன்ட்’ (நீரோடு சேர்ந்திருக்கும் வேறு பொருள்) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘ஏறுபொருள்’ எனலாம் என்று செவ்வாய்க்கிழமை ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். ‘மாசு’ போதுமே, ‘கலப்படப்பொருள்’ அல்லது ‘கலப்பி’ எனலாமே என்று வந்த மறுப்புகளைப் படித்தேன். விளக்காமல் விட்டது என் பிழை. இப்போது விரிவாகவே எழுதுகிறேன்.

> ‘மாசு’ எல்லோருக்கும் புரிகிறது. புரிகிற சொல் இருக்கப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, அந்தச் சொல் எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதை நேரில் பார்த்தவன் நான். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஊரில் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு, அங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில் வரம்பைத் தாண்டியிருந்தது. “உங்கள் தண்ணீரில் மாசு இருக்கிறது” என்றேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, “கண்ணாடியாட்டம் இருக்குதுங்களே, இதுல ஏதுங்க மாசு?” என்று கேட்டார். பிறகு அவரே முடிவுக்கும் வந்தார்: “சரிங்க, இனிமே துணியில வடிகட்டி, நல்லாக் காய்ச்சிக் குடிக்கிறோம்.” கூட்டம் தலையாட்டியது. அவர் பக்கத்தில் இருந்த பையனின் பற்களில் அப்போதே காவிக் கோடுகள் விழுந்திருந்தன.

காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு பானையிலேயே நின்றுவிடும். அதாவது காய்ச்சக் காய்ச்சச் செறிவு கூடும். துணிக்கும் அது சிக்காது. அந்த அம்மா செய்யத் துணிந்தது ‘மாசு’ என்ற சொல் கற்றுக்கொடுத்த வைத்தியம். மாசு என்றால் நமக்கு அழுக்கு, கறை, தூசு. அழுக்கை வடிகட்டலாம், கிருமியைக் காய்ச்சிக் கொல்லலாம். தேற்றாங்கொட்டையைப் பானையில் தேய்த்துக் கலங்கலைத் தெளியவைத்த மக்களுக்கு, தெளிந்த நீரிலேயே தீங்கு இருக்கக்கூடும் என்பதைச் சொல்ல ‘மாசு’ உதவவில்லை.

இன்னொன்று, மாசு என்றால் குற்றம் என்றும் பொருள். உடனே ‘யார் செய்தது?’ என்று கேட்கத் தோன்றும். தருமபுரி, கிருஷ்ணகிரி நீரில் ஃபுளோரைடை யாரும் கொட்டவில்லை. அங்குள்ள கடும்பாறையில் ஃபுளோரைட், அபடைட், பயோட்டைட் போன்ற கனிமங்கள் உண்டு. நீரில் சுண்ணச்சத்து குறைந்து காரத்தன்மை கூடினால், அவற்றிலிருந்து ஃபுளோரைடு அதிகமாகக் கரைந்து வரும். இது பாறையின் இயல்பு. நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரைடு தரும் நோயைப் பற்றி 1937-லேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

‘கலப்படப்பொருள்’ வேண்டவே வேண்டாம். கலப்படம் என்பது காசுக்காக ஏமாற்றிக் கலப்பது. ‘கலப்பி’யைப் பற்றி: குளிரூட்டி, சூடேற்றி என்பவை போல அது கலக்கும் கருவிக்குப் பொருந்துமே தவிர, கலந்து கிடக்கும் பொருளுக்குப் பொருந்தாது.

இனி ‘ஏறு’. இதை நான் புதிதாக உண்டாக்கவில்லை. “கிணத்துல உப்பு ஏறிப்போச்சு” என்று கடற்கரை ஊர்களில் யாரும் சொல்வார்கள். சாயம் ஏறிய நூல், துரு ஏறிய ஆணி, விஷம் ஏறிய உடம்பு. ஒன்று இன்னொன்றுக்குள் புகுந்து, ஊறி, பிரிக்க எளிதில் வராதபடி நிலைத்துவிடுவதை இந்த ஒரே வினை சொல்லிவிடுகிறது. ‘உப்பு ஏறிய தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் உப்பு போகுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். போகாது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அன்று நான் “உங்க தண்ணீல ஃபுளோரைடு ஏறியிருக்கு” என்று சொல்லியிருந்தால், அந்த அம்மா துணியைத் தேடியிருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டுக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் ‘கன்டாமினன்ட்’ என்ற சொல்லுக்குத் தரும் வரையறையும் வியப்பானது. நீரில் இருக்கும் எந்தப் பௌதிக, வேதியியல், உயிரியல், கதிரியக்கப் பொருளும் அதில் அடங்கும். ‘தீங்கானது’ என்ற சொல்லே அங்கு இல்லை. எவ்வளவுக்கு மேல் தீங்கு என்பதை வரம்பு சொல்லும். நம் சொல்லும் அப்படித்தான் நடுநிலையாக இருக்க வேண்டும்.

> நீரில் நாமே சேர்ப்பதும் உண்டே? குளோரின்? அதுவும் ஏறுபொருளா?

நல்ல கேள்வி. உரம் போல நாமே இடுவதைக் குறிக்க வேளாண்மையில் ஏற்கெனவே ‘இடுபொருள்’ என்ற சொல் இருக்கிறது. குளோரின், படிகாரம், சுண்ணாம்பு எல்லாம் இடுபொருள். தானாக வந்து சேர்வது ஏறுபொருள். மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 1945 ஜனவரியில், பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கினார்கள். உலகிலேயே அதுதான் முதல் நகரம். அங்கே இடுபொருளாக இருக்கும் அதே ஃபுளோரைடு பென்னாகரத்தில் ஏறுபொருள். அதே மாநிலத்தில் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் நீரை விட்டு ஆற்று நீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக்குழாய்கள் அரித்தன. சுத்திகரிப்பு நிலையத்தில் இல்லாத ஈயம், வீட்டுக்குப் போகும் வழியில் நீரில் ஏறியது. இட வேண்டியதை இடாததால் ஏறக் கூடாதது ஏறிய கதை அது. ‘மாசு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது?

இடுபொருளே ஏறுபொருளைப் பிறப்பிப்பதும் உண்டு. நீரிலுள்ள இலைதழை மட்கின் கரிமப்பொருளோடு குளோரின் வினைபுரிந்து குளோரோஃபார்ம் போன்ற ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற வேண்டாத வேதிப்பொருள்கள் உண்டாகின்றன என்று நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் 1974-ல் காட்டினார். அதற்காகக் குளோரினை நிறுத்திவிடக் கூடாது. காலராவை நிறுத்திவைத்திருப்பது அதுதான்.

> எங்கட பக்கம் கிணறு சவராப் போச்சு எண்டுதான் சொல்லுவம். ‘ஏறு’ எங்களுக்கு ஒட்டுமோ தெரியேல்லை.

யாழ்ப்பாணத்து நண்பரின் இந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் உங்கள் குடாநாட்டின் நைட்ரேட்டை நினைத்துப் பாருங்கள். சுண்ணக்கல் நிலம், தோட்டத்துக்கு இடும் யூரியா, கிணற்றை ஒட்டிய மலக்குழி எல்லாம் சேர்ந்து நைட்ரேட்டை நிலத்தடி நீரில் ஏற்றுகின்றன. அதற்குச் சவர்ச் சுவை (உப்புக் கரிப்பு) இல்லை, நிறமும் இல்லை. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும்போதுதான் தெரியவரும். காய்ச்சினாலும் போகாது. ‘சவர்’ என்ற சொல் எட்டாத இடம் இது. ‘நைட்ரேட் ஏறின கிணறு’ என்று சொல்லிப் பார்த்து, வாய்க்கு வருகிறதா என்று எழுதுங்கள். வராவிட்டால் உங்கள் சொல்லையே ஏற்றுக்கொள்கிறேன்.

கிருமி விஷயத்தில் எனக்கே மனம் ஒப்பவில்லை. ‘தண்ணீரில் கிருமி ஏறியது’ என்று யாரும் பேசுவதில்லை. ‘சாக்கடை கலந்துவிட்டது’ என்போம். சட்ட வரையறை கிருமியையும் சேர்க்கிறது, பேச்சுத்தமிழ் சேர்க்கவில்லை. மருந்து வேறாக இருப்பதால் பெயரும் வேறாக இருப்பதே நல்லது என்று தோன்றுகிறது: கிருமிக்குக் காய்ச்சு, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்ற ஏறுபொருளுக்குக் காய்ச்சிப் பயனில்லை. நம் சொற்பட்டியலில் கிருமியைத் தனித் தலைப்பில் வைக்கலாம்.

இதோடு போகும் சொற்கள்: விஷத்தை இறக்குவது போல, நீக்குவதற்கு ‘இறக்கம்’ (ஃபுளோரைடு இறக்கம்). குடிநீருக்கான இந்தியத் தரநிலை 10500 தரும் இரண்டு வரம்புகளில் முதலாவது ‘கொள்ளத்தகு அளவு’. ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம். மற்றது, வேறு நீர்நிலை இல்லாதபோது மட்டும் பொறுத்துக்கொள்வது. அது 1.5. இதை ‘அனுமதிக்கப்பட்ட அளவு’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். படிப்பவருக்கு அது அரசே கொடுத்த நற்சான்றாகத் தெரிகிறது. ‘பொறுக்கும் அளவு’ என்றால் வேறு நீர் கிடைத்ததும் இதை விட வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கும். நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் மட்டுமே; அதில் பொறுப்பதற்கே இடமில்லை.

‘ஏற்கத்தகு அளவு’ என்று முன்பு நானே எழுதியிருந்தேன். ‘ஏறு’வோடு ஓசை இடிப்பதால் அதைக் கைவிடுகிறேன். கிருமித் தலைப்புக்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து