பாட்டு யாருக்குச் சொந்தம்? டயான் வாரனை முன்வைத்து

கார்த்தி: டயான் வாரனை "பாப் உலகின் பெரிய பாடலாசிரியர்"னு கொண்டாடுறாங்க. எனக்கு ஒப்பலை. அவங்க பாட்டைப் பாடின செலின் டியோன், டோனி பிராக்ஸ்டன் குரல்தான் மனசுல நிக்குது. பாட்டெல்லாம் ஒரே வார்ப்பு: அடங்கி ஆரம்பிக்கும், பல்லவில வெடிக்கும்.

செல்வி: டயான் எழுதின 'ஹவ் டூ ஐ லிவ்' கேட்டிருக்கீங்களா? 1997-ல 'கான் ஏர்' படத்துக்கு முதல்ல பாடினது லியான் ரைம்ஸ், 14 வயசு. படக்காரங்க மாத்தி, 32 வயசு த்ரிஷா இயர்வுட்டைப் பாட வச்சாங்க. ரெண்டும் வெளிவந்துச்சு. ரைம்ஸோடது அமெரிக்காவோட ஹாட் 100 பாட்டுத் தரவரிசைல 69 வாரம் இருந்துச்சு. இயர்வுட் கிராமி வாங்கினாங்க. ரெண்டு தொண்டையிலும் அது நின்னதுன்னா தாங்கினது எழுத்துதானே? 1970-ல தொடங்கின ஏரோஸ்மித் ராக் குழுவுக்கு ஹாட் 100 முதலிடம் கிடைச்ச ஒரே பாட்டும் டயான் எழுதினது.

கார்த்தி: அது விற்பனைக் கணக்கு. வார்ப்பு பத்திப் பதில் வரலையே.

மெட்டுக்காரன்: வார்ப்பு இருக்கட்டும் தம்பி. நான் விளம்பரப் பாட்டு எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு அந்தம்மாகிட்ட பெருசாத் தெரியறது ரியல்சாங்ஸ், அவங்களோட சொந்தப் பதிப்பு நிறுவனம். பாட்டுகளோட உரிமை அவங்க கையிலயே இருக்கு. அமெரிக்காவுல எஃப்.எம்.ல பாட்டு ஓடினா எழுதினவருக்கும் பதிப்பாளருக்கும்தான் காசு, பாடினவருக்கு இல்லை. அதனாலதான் எழுத்துப் பங்குக்கு, அதாவது எழுதினவருக்கு வர்ற காசுல பங்குக்கு, இவ்வளவு அடிதடி. எனக்கும் நடந்துச்சு. ஒரு பாடகர் என் பல்லவியில 'காற்றே'ங்கிறதை 'மூச்சே'ன்னு மாத்தினார். அந்த ஒத்தைச் சொல்லுக்குப் பாதிப் பங்கு கேட்டார். வாடகை நாள் நெருங்கிடுச்சு, கையெழுத்துப் போட்டுட்டேன்.

கார்த்தி: கஷ்டமா இருக்குண்ணா. ஆனா ஊர் ஊராப் போய்ப் பாடுறவனுக்கு வானொலில ஒரு காசும் இல்லைன்னா அவன் வேற எங்க கேப்பான்?

செல்வி: வானொலிகிட்ட கேக்கணும், எழுதினவர் தட்டுல கை வைக்கக் கூடாது. 2021-ல எமிலி வாரன் (டயானுக்கு உறவில்லை) உட்பட பல பாடலாசிரியர்கள் 'தி பேக்ட்'னு ஒண்ணு கூடி, எழுதாதவங்களுக்கு எழுத்துப் பங்கு தரமாட்டோம்னு வெளிப்படையா அறிவிச்சாங்க. அண்ணா, உங்க முதல் பிரதி இருக்கா?

மெட்டுக்காரன்: இருக்கும்மா. மளிகைக் கடை ரசீதுக்குப் பின்பக்கம், பென்சில்ல. 'காற்றே'ன்னுதான் இருக்கு.

கார்த்தி: பத்திரமா வைங்கண்ணா. வார்ப்பு விஷயத்துல நான் இன்னும் அதே இடத்துலதான்.