கார்மல் உயர்நிலைப் பள்ளி: நீச்சல் அணியில் இடம் கிடைக்குமா?

வணக்கம். வேலை மாற்றத்தால் வரும் ஜூலையில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இண்டியானாபொலிஸ் பக்கம் குடிவருகிறோம். மகள் பத்தாம் வகுப்பு போகிறாள். வடக்குப் புறநகரான கார்மலில் வீடு பார்க்கலாம் என்று யோசனை.

அரசுப் பள்ளிதான், ஆனாலும் கார்மல் உயர்நிலைப் பள்ளிக்குப் படிப்பில் நல்ல பெயர். ஏ.பி. என்கிற கல்லூரி அளவுப் பாடங்களும் இருக்கின்றன, ஐ.பி. என்கிற சர்வதேசப் பாடத்திட்டமும் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலையெல்லாம் நீச்சல் குளத்தில்தான். மகள் ஏழு வயதிலிருந்து நீந்துகிறாள். 200 மீட்டர் பட்டர்ஃபிளைதான் அவளுக்கு உயிர். இந்தப் பள்ளியின் பெண்கள் அணியோ 1987லிருந்து 35 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வருடம்கூட விடாமல் மாநிலப் பட்டம் வாங்கியிருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் இதுவே தேசிய சாதனை. மகளுக்கு இது கனவு, எனக்கு வயிற்றில் புளி. படிக்கும் பிள்ளைகளே 5,000 பேருக்கு மேல். அதில் புதிதாக வருகிறவளுக்கு அணியில் இடம் கிடைக்குமா, அல்லது சிறு வயதிலிருந்தே உள்ளூர் கிளப்பில் நீந்துகிறவர்களுக்குத்தானா?

அப்புறம், விலாசத்தில் கார்மல் என்று இருந்தாலும் சில வீடுகள் பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில், அதாவது வேறு பள்ளி நிர்வாகத்தின் எல்லைக்குள், வருமாமே? வாடகை ஒப்பந்தம் போடும் முன் இதை எங்கே சரிபார்ப்பது? அதிகாலைப் பயிற்சிக்குப் பெற்றோர்தான் கொண்டுபோய் விட வேண்டுமா?

பிள்ளைகளை அங்கே படிக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அணியில் சேர்ந்து பாதியில் விலகியவர்களின் அனுபவமும் வேண்டும், தயங்காமல் எழுதுங்கள்.