பஞ்சாயத்து போட்ட சோலார், காற்றாலை, குப்பைக் கொட்டகை: நீங்கள் நேரில் கண்டது என்ன?

மேட்டுப்பாளையத்தான்

சொந்தமாகக் காற்றாலை வாங்கிய எங்கள் பக்கத்து ஊராட்சி ஓடந்துறையின் கதை இங்கே பலருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெளிமாநிலத்திலிருந்து வந்த ஒரு குழுவுக்கு வழிகாட்டியாகப் போயிருந்தேன். வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். காற்றாலையைக் காணோம். டீக்கடையில் இருந்த பெரியவரிடம் கேட்டால், "அது இங்க எதுக்குங்க? காத்து உடுமலைப் பக்கம்தானுங்களே அடிக்குது. மைவாடில நிக்குதுங்க" என்கிறார்.

அவர் சொன்னது சரிதான். 350 கிலோவாட் காற்றாலை, 2006-இல் வாங்கியது, 1.55 கோடி ரூபாய். அங்கே ஓடுகிற மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் ஏறிவிடும், ஊராட்சியின் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கணக்கில் கழியும். வருடத்துக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் ஓடுகிறது, ஊருக்கு 4.5 லட்சம் போதும், மிச்சம் வாரியத்துக்கே விற்பனை என்றுதான் அப்போதிருந்து எல்லோரும் எழுதிவருகிறார்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. குழுவில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு, "இது எந்தத் திட்டத்தில் வந்த நிதி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பெரியவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நம்ம பஞ்சாயத்துப் பணம் நாப்பது லட்சமுங்க, மிச்சத்துக்கு பேங்குல கடன். கட்டோணுமில்லீங்களா?" அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் குறித்துக்கொள்ளவில்லை. திட்டத்தின் பெயருக்காகப் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

வைகைக்கரை

எங்கள் ஊர்க் கதை தலைகீழ். சோலார் தெருவிளக்கு வந்தது, திறப்புவிழா நடந்தது, கொஞ்ச காலம் ஜோராக எரிந்தது. அப்புறம் பேட்டரி ஒவ்வொன்றாகப் போனது. சில பெட்டிகளில் பேட்டரியே இல்லை, யார் கழற்றினார்கள் என்று ஊருக்கே தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

கண்மாய்க்கரைத் திருப்பத்தில் இருக்கிற விளக்கைப் பற்றிக் கேட்க ஊராட்சி அலுவலகம் போனேன். கிளார்க் பதிவேட்டை எடுத்து விரித்தார். அந்த வரிசையில் எல்லா விளக்குக்கும் நேரே "நல்ல நிலையில்" என்று ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது. "எரியலையே சார்" என்றேன். "எரியலைன்னு எழுதினா ஆடிட்ல கேப்பாங்க. எரியுதுன்னு இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, டீ வேணுமா என்று கேட்கிற தொனி. சரி, பழையபடி ஒரு டியூப் லைட்டாவது போடுங்கள் என்றால், அங்கே ஏற்கெனவே விளக்கு இருப்பதாகக் கணக்கு, இன்னொன்று போட முடியாதாம்.

கடைமடை

விளக்கை விடுங்கள், குப்பைக்கு வாருங்கள். எங்கள் ஊரில் தூய்மைக் காவலர்கள் அக்காமார் வீடு வீடாக வந்து மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று அழகாகப் பிரிக்கிறார்கள். கொட்டகையில் மண்புழு உரம்கூட நன்றாக வருகிறது, என் மாடித்தோட்டத்துக்கு அதுதான். ஆனால் ஒரு சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் கரும்புகை. போய்ப் பார்த்தால் காலையில் எங்கள் வாசலில் பிரித்த அதே அக்கா, அதே பச்சைக் கோட்டோடு, பிளாஸ்டிக் குவியலுக்குத் தீ வைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னக்கா இது?" என்றதும் திரும்பிப் பார்த்தார். "எடுக்க வண்டி வந்து மாசக்கணக்கா ஆச்சு. மழை வந்தா வாய்க்கால்ல போய் அடைக்குது, அதுக்கும் என்னையத்தான் திட்டுறாங்க. நீ சொல்லு, எங்க கொண்டு போய் வைக்க?" நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றிய அலுவலகம் (ஓய்வு)

கடைமடை அவர்களே, அந்த அம்மா செய்தது தவறு. எரிக்கக் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லித்தருகிறோம். வைகைக்கரை, உங்கள் கிளார்க் செய்ததும் தவறு.

என் அனுபவம் ஒன்று: பணியில் இருந்தபோது ஓர் ஊராட்சியில் மின்கட்டணம் ஏன் எகிறுகிறது என்று பார்க்கப் போனோம். எல்லோரும் தெருவிளக்கைக் குறை சொன்னார்கள். பார்த்தால் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆபரேட்டர் கல்யாண வீட்டில். அவ்வளவுதான்.

ஆகவே சொல்கிறேன். சோலார், காற்றாலை என்று பறப்பதற்கு முன் மின் அட்டையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஊராட்சிகளில் பெரிய செலவு குடிநீர் மோட்டார்தான். பழைய மோட்டாரை மாற்றினாலே, தொட்டி நிரம்பினால் தானாக நிற்கிற சுவிட்ச் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். 40 வாட் டியூப் லைட்டை 20 வாட் எல்இடி ஆக்கினால் விளக்குச் செலவு பாதி. இன்னொன்று, மின்கட்டணம் ஊராட்சியின் 2-ஆம் எண் கணக்கிலிருந்து போகிறது. அங்கே மிச்சம் பிடித்தால் தலைவருக்கு வேறு வேலைக்குக் கைக்காசு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், அது தனிக் கணக்கு. அதனால்தான் பலருக்கு மிச்சம் பிடிக்க ஆர்வமே இல்லை என்பது என் கருத்து. 2026 மார்ச் வரையிலான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். மீதி 40-இல் பேட்டரி வாங்க முடிந்தது, ஆனால் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத வைப்பது யார் வேலை? உங்கள் வேலை. வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போய் உட்காருங்கள், மனு கொடுங்கள், தீர்மானத்தைப் புத்தகத்தில் ஏற்றிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வாளையார்

ஐயா, அந்த அக்கா தவறு என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வண்டி அனுப்பாதது யார் தவறு என்று உங்கள் அலுவலகத்தைத்தானே கேட்க வேண்டும்?

நான் வேலை பார்ப்பது பாலக்காட்டில். இங்கே மீன்வல்லத்தில் 3 மெகாவாட் சிறு நீர்மின் நிலையம் இருக்கிறது, 2014-இலிருந்து ஓடுகிறது. மாவட்டப் பஞ்சாயத்தே கம்பெனி தொடங்கிக் கட்டியது. பார்க்கப் போனபோது கூட வந்த பஞ்சாயத்து மெம்பர், மின்சாரம் விற்ற கணக்கை ஒப்பித்துக்கொண்டே நடந்தார். என்னால் அருவியைப் பார்க்க முடியவில்லை, அவர் விடவில்லை. பஞ்சாயத்தே இப்படிக் கட்டுகிற உரிமை, 1996-இல் கேரள அரசின் மக்கள் திட்டத்தில் மாநிலத்தின் திட்டநிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிக்குப் போனதிலிருந்து வந்தது. நம்மிடம் ஓடந்துறைக்கு ஒரு சண்முகம் கிடைத்தார், பத்து வருடம் தலைவராக இருந்தார், அப்புறம் அவர் மனைவி லிங்கம்மாள் வந்தார். அடுத்த ஊருக்கு யார் கிடைப்பார்கள்?

மேட்டுப்பாளையத்தான்

வாளையார், ஓர் ஆளால் நடந்தது என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கடனுக்குத் தலையாட்டியது ஊர். 2003-இலேயே மரக்கழிவை எரித்து மோட்டார் ஓட்ட 9 கிலோவாட் வாயு இயந்திரம் வைத்தவர்கள், அதில் பழகித்தான் காற்றாலைக்கு வந்தார்கள்.

வைகைக்கரை

ரிட்டயர்டு ஐயாவுக்கு: கிராம சபைக்குப் போகாமலா கேட்கிறேன்? 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டத்தில் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லோர் பதவிக்காலமும் முடிந்து, அவர்களுக்குப் பதிலாக நிர்வாகம் பார்க்க அரசு நியமித்த தனி அலுவலர் வந்தார். மனு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், ரசீதும் உண்டு. கையோடு அவர் செய்தது, அந்தப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்ததுதான். "நல்ல நிலையில்னுதானே இருக்கு" என்றார். நான் இப்போது கேட்பது ஒன்றே ஒன்று: பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்த யாரிடம் போக வேண்டும்? தெரிந்தால் சொல்லுங்கள், மோட்டார் சுவிட்சைப் பற்றி அப்புறம் பேசலாம்.