உயர வேலை விபத்து ரிப்போர்ட்டில் ‘கவனக்குறைவு’ மட்டுமே வருகிறது: படிவத்தை எப்படி மாற்றுவது?

மேல்தளம்:
சாரம், ஏணி, கூரை ஷீட் மூன்று வேலையும் நடக்கும் தளம். விபத்துப் படிவத்தில் மூன்றே கட்டம்: என்ன நடந்தது, காரணம், நடவடிக்கை. நிரம்பி வருவது எப்போதும் “தவறி விழுந்தார் / கவனக்குறைவு / அறிவுரை கூறப்பட்டது”. நியர் மிஸ் (மயிரிழையில் தப்பிய சம்பவம்) ஏறக்குறைய வருவதே இல்லை. என்ன கேட்டால் அடுத்த ஆள் விழாமல் தடுக்க உதவும்? ஹார்னஸ் (உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டை) போட்டவர் விழுந்து தொங்கினார், அடி படவில்லை என்றால் அதையும் தனியாக எழுத வேண்டுமா?

ஏணிப்படி:
முதலில் ‘காரணம்’ என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். ஆள் விழுந்த பத்தாவது நிமிஷம் சூப்பர்வைசரிடம் காரணம் கேட்டால் கவனக்குறைவு என்றுதான் எழுதுவார். கண்ணால் பார்த்ததையும் டேப்பால் அளக்க முடிந்ததையும் மட்டும் கேளுங்கள். எதன் மேல் நின்றார், கொக்கி எதில் மாட்டியிருந்தது, இரண்டு கையும் என்ன செய்துகொண்டிருந்தன, எத்தனை மீட்டர் விழுந்தார், எதன் மேல் விழுந்தார், அன்றைக்கு வழக்கத்திலிருந்து என்ன மாறியது.

“ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தார்” என்பதை இப்படி எழுதிப் பாருங்கள்: “ஏணி சாய்ந்த இடம் 4 மீ உயரம். அடி சுவரிலிருந்து 1.7 மீ தள்ளி. மேல் முனை தளத்துக்கு மேல் 30 செ.மீ. எங்கும் கட்டவில்லை. ஒரு காலில் ரப்பர் இல்லை. வலது கையில் டிரில் மெஷின். ஏணியிலிருந்து தளத்துக்குக் கால் மாற்றும்போது அடி வெளிப்பக்கம் நழுவியது.”

காரணம் என்று ஒரு சொல் இல்லை, ஆனால் சரிசெய்ய வேண்டியவை ஐந்து தெரிகின்றன. நாலுக்கு ஒன்று கணக்கில் அடி 1 மீட்டரில் இருக்க வேண்டும், 1.7-இல் ஏணி படுத்துவிடும், அடி உதைத்துக்கொண்டு போகும். மேல் முனை 1 மீட்டர் நீண்டிருந்தால் கால் மாற்றும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். டிரில்லைக் கயிற்றில் ஏற்றியிருந்தால் கை காலி.

‘உயரத்திலிருந்து விழுதல்’ என்று எல்லாவற்றையும் ஒரே வகையில் போடாதீர்கள். ஏணி, சாரம், திறந்த விளிம்பு, தளத்து ஓட்டை, உடையும் ஷீட், லாரி மேல் என்று பிரியுங்கள். லாரி மேல் நிற்பதைப் பல இடங்களில் உயர வேலையாகவே எண்ணுவதில்லை. ஒன்றரை மீட்டரிலிருந்து தலை கான்கிரீட்டில் மோதினால் உயிர் போகும்.

ஓட்டை விஷயத்தில் “மூடியிருந்தது” போதாது. பிளைவுட் ஆணி அடித்திருந்ததா, ‘கீழே ஓட்டை’ என்று மேலே எழுதியிருந்ததா? இல்லையென்றால், கிடக்கிற பலகைதானே என்று ஒருவர் இரண்டு கையாலும் தூக்கி ஒரு அடி முன்னால் வைப்பார். கையில் இருக்கும் பலகையே ஓட்டையை மறைக்கும்.

டி-ரிங்:
கட்டாயம் எழுத வேண்டும். தொங்கியது நியர் மிஸ் அல்ல, விழுந்தேவிட்டார். தரை மட்டும் தூரமாக இருந்தது.

அந்த ஹார்னஸ், அதைக் கொக்கியோடு இணைக்கும் லேன்யார்டு கயிறு இரண்டையும் உடனே கழற்றி, சீட்டுக் கட்டி, பூட்டி வையுங்கள். மறுபடி யாரும் போடக் கூடாது, விசாரணை முடியும்வரை தூக்கி எறியவும் கூடாது. சீரியல் எண், தயாரிப்பு மாதம், கொக்கியின் போட்டோ, பிறகு முக்கியமானது: ஷாக் அப்ஸார்பர் (விழும் அதிர்ச்சியைக் குறைக்கத் தையல் பிரிந்து நீளும் பகுதி) எத்தனை செ.மீ கிழிந்து நீண்டது. கடைசித் தையல் வரை பிரிந்திருந்தால், மிச்சம் எதுவும் இல்லாமல்தான் அவர் பிழைத்திருக்கிறார்.

“ஹார்னஸ் போட்டிருந்தார்: ஆம்” என்ற டிக் ஒன்றுக்கும் உதவாது. கணக்கு இதுதான்: லேன்யார்டு 2 மீ, அப்ஸார்பர் நீளக்கூடியது 1.75 மீ, ஹார்னஸின் முதுகிலுள்ள டி-ரிங் வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீ, கூடுதல் இடைவெளி 1 மீ. ஆங்கரிலிருந்து (கொக்கி மாட்டிய இடம்) கீழே 6.25 மீ காலியாக இருக்க வேண்டும். 5 மீட்டர் உயரத்தில் கால் மட்டத்தில் கொக்கி மாட்டியவர் ஹார்னஸோடு தரையில் மோதுவார். உங்கள் லேன்யார்டுக்குரிய எண்ணைத் தயாரிப்பாளர் சீட்டில் பாருங்கள். படிவத்தில் ஆங்கர் உயரத்தையும் கீழே இருந்த இடைவெளியையும் கேளுங்கள்.

இன்னொரு கட்டம்: எத்தனை நிமிடம் தொங்கினார், எதைக்கொண்டு இறக்கினீர்கள். அசையாமல் தொங்குபவருக்குச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். “ஆம்புலன்ஸை அழைத்தோம்” என்று எழுதி வந்தால் தளத்தில் மீட்பு ஏற்பாடே இல்லை என்று அர்த்தம்.

நைட் ஷிஃப்ட்:
நியர் மிஸ் ஏன் வரலைன்னா, சொன்னவன்தான் முதல்ல மாட்டுறான். ‘விபத்தில்லாத 100 நாள்’ போர்டும் அதுக்கு ஒரு பரிசும் இருந்தா முதல்ல அதைக் கழட்டுங்க. பரிசுக்காகக் கூட வேலை செய்றவங்களே மறைச்சிடுவாங்க.

மாசத்துக்கு இத்தனைன்னு கோட்டாவும் வேணாம். 1931-ல ஹைன்ரிச் சொன்ன 300-29-1 கணக்கை (ஒரு பெரிய காயத்துக்கு 29 சின்னக் காயம், 300 காயமில்லாத சம்பவம்) நம்பி கோட்டா போட்டா, “ஷூ லேஸ் கட்டலை”ன்னு அட்டை குவியும். எண்ணிக்கையைப் பார்க்காம, கொஞ்சம் தள்ளியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தரம் பிரிங்க. அரை கிலோ ஸ்பேனர் 20 மீட்டர்லேர்ந்து விழுந்தா கீழே வரும்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் கிட்ட. யார் மேலயும் படலைன்னாலும் அது உயிர்ப்பலி வரிசையிலதான் போகணும்.

அட்டை எழுதச் சொல்லாதீங்க, போன்ல வாய்ஸ் மெசேஜ் போதும். மறுநாள் டூல்பாக்ஸ் டாக்ல (வேலைக்கு முன்னாடி பேசுற பாதுகாப்புக் கூட்டம்) “நேத்து சொன்ன டோ போர்டு (பொருள் விழாம தடுக்குற விளிம்புப் பலகை) மாட்டியாச்சு”ன்னு ஒரு வரி சொல்லணும். அதைச் சொல்லாம விட்டா அடுத்த வாரம் மெசேஜ் நின்னுடும்.

மேல்தளம்:
நன்றி. பெயர் சொல்லாமல் வரும் மெசேஜை எப்படி விசாரிப்பது?

நைட் ஷிஃப்ட்:
ஆளை விசாரிக்க வேணாம் சார், இடத்தைப் பாருங்க. எந்தத் தளம், எந்த ஷிஃப்ட், எந்தப் பொருள், இந்த மூணு மட்டும் கட்டாயமாக் கேளுங்க. போய்ப் பார்த்தா கிளாம்ப் லூஸா இருக்கிறது தெரிஞ்சிடும், யார் சொன்னாங்கன்னு தெரியாமலே இறுக்கிடலாம்.

ஏணிப்படி:
ஒன்று விட்டுப்போனது. பலத்த காயம் என்றால் சட்டப்படி அரசுக்குக் கொடுக்கும் அறிவிப்பு தனி, அதன் கெடுவும் தனி. ஆளை மீட்பதற்குத் தவிர ஏணியையும் பலகையையும் நகர்த்தாதீர்கள், அளந்து போட்டோ எடுத்த பிறகு கழுவலாம்.