கிராமப் பள்ளியில் பாலியல் கல்வி: யார் சொல்வது, எப்போது சொல்வது?

இரு பெண்களின் தந்தை:
எட்டாம் வகுப்பிலிருந்து பாலியல் கல்வி தொடங்கப்போவதாகச் சொல்லி, எங்கள் பள்ளியில் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்டிருக்கிறார்கள். நான் கையெழுத்திடவில்லை. பிள்ளைகளின் உடல்நலத்தில் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சிறிய ஊரில் வகுப்பறையில் கேட்ட ஒரு கேள்வி மாலைக்குள் எல்லா வீடுகளுக்கும் போய்விடும். கேட்ட பெண்ணின் பெயரும் அதோடு சேர்ந்தே சுற்றும். இவற்றைத் தாய் தன் மகளுக்குத் தனிமையில் சொல்வதே முறை. மேலும், கருத்தடையைப் பற்றிப் பதின்மூன்று வயதிலேயே சொல்லிக்கொடுத்தால், முயன்று பார்க்கும் எண்ணம் வராதா?

ஊரகச் செவிலியர்:
ஐயா, தாய் சொல்ல வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தத் தாய்க்கு யார் சொன்னார்கள்? முதல் மாதவிடாய் வந்தபோது, உள்ளே ஏதோ அறுந்துவிட்டது, இனிப் பிழைக்க மாட்டோம் என்று எண்ணி, யாரிடமும் வாய் திறக்காமல், துணியை அலசி விறகடுக்கின் பின்னால் வெயில் படாத இடத்தில் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு சிறுமியை நான் பார்த்திருக்கிறேன். சரியாகக் காயாத அந்தத் துணி உரசித் தொடையிடுக்கில் புண் வந்த பிறகுதான் அவளை என்னிடம் அழைத்துவந்தார்கள். அவளுடைய தாய் அன்பில்லாதவர் அல்லர். மகளிடம் எந்தச் சொல்லால் தொடங்குவது என்று தெரியாதவர். பையன்களையோ யாரும் நினைப்பதேயில்லை. உறக்கத்தில் விந்து வெளியேறுவதைத் தீராத நோய் என்று நம்பி, இரவெல்லாம் கண் விழித்தே கிடந்த ஒரு பையனுக்கு, “இந்த வயதில் இது இயல்பு” என்ற ஒரே வரி போதுமானதாக இருந்தது.

முயன்று பார்ப்பார்கள் என்ற அச்சத்துக்கு வருகிறேன். யுனெஸ்கோ 2009-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய வழிகாட்டி, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிறகு, இக்கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே பாலுறவில் இறங்குவதில்லை என்றே சொல்கிறது. விலகியிருங்கள் என்று மட்டும் போதிக்கும் பாடங்களால் பாலுறவைத் தொடங்கும் வயது தள்ளிப்போகவும் இல்லை.

அறிவியல் ஆசிரியர்:
பாடம் புத்தகத்தில் இருந்தாலும் வகுப்பில் நடப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இனப்பெருக்க மண்டலம் வந்ததும் “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டியவர்களில் நானும் ஒருவன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். பின்னர் ஒரு பெட்டியை வைத்தேன். கேள்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் ஒரு தாளை மடித்துப் போட வேண்டும், பெயர் எழுதக் கூடாது என்பது விதி. வெறுந்தாளும் விழுவதால், கேட்டவர் யார் என்று எவருக்கும் தெரியாது. முயன்று பார்க்கும் ஆவலை நான் அந்தத் தாள்களில் காணவில்லை, அச்சத்தையே கண்டேன். ஒரு பக்க மார்பு மட்டும் பெரிதாக இருக்கிறதே, புற்றுநோயா? இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லையே, ஏன்? தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் அது ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. ஒரு தாளில் மட்டும், “உறவுக்காரர் ஒருவர் தொடுகிறார், யாரிடம் சொல்வது?” என்று இருந்தது.

இரு பெண்களின் தந்தை:
அந்தக் கடைசித் தாளைப் படித்த பிறகு வெகுநேரம் என்னால் எதுவும் எழுத முடியவில்லை. தாயிடம் சொல்லட்டும் என்று நான் எழுதியபோது, தொடுபவரும் அதே வீட்டுக்கு வந்துபோகிறவராக இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

இருந்தாலும் செவிலியரிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்து, ஐயம் இருந்தால் சுகாதார நிலையத்துக்கு வா என்கிறீர்கள். அங்கே வாசலில் உட்கார்ந்திருப்பவர் அவளுடைய அத்தையாகவோ அடுத்த வீட்டுக்காரராகவோ இருப்பார். போக முடியாத இடத்துக்கு வழி சொல்லி என்ன பயன்?

ஊரகச் செவிலியர்:
நியாயமான கேள்வி. நான் முன்பு பணியாற்றிய நிலையத்தில், ஒரு பெண் வந்துபோன செய்தி அவள் வீடு திரும்பும் முன்பே தாய்க்கு எட்டிவிட்டது. அவள் மறுபடியும் வரவே இல்லை. அதன்பின், வளரிளம் பருவத்தினர் எல்லோரும் ஒரே நாளில் வரும்படி செய்தோம். இரத்தசோகை, கண் பரிசோதனை, எச்பிவி தடுப்பூசி, தனி அறையில் ஆலோசனை எல்லாம் அன்றே நடக்கும் என்பதால், எவர் எதற்கு வந்தார் என்பது வாசலில் இருப்பவருக்குத் தெரியாது. அந்தத் தடுப்பூசியும் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்காக 9 முதல் 14 வயதுக்குள், பாலுறவு என்ற பேச்சே எழாத பருவத்தில் போடப்படுவது. அதைப் போட்டுக்கொண்ட பிள்ளையைத் தவறாகப் பார்க்க ஒன்றுமில்லை.

இரு பெண்களின் தந்தை:
பாடத்தை முதலில் பெற்றோருக்குக் காட்டுங்கள். தாய்மாருக்கும் தந்தையருக்கும் தனித்தனியே ஒரு வகுப்பு எடுங்கள். பருவமடைதல், மாதவிடாய், தவறான தொடுதல் ஆகியவற்றுக்கு இப்போதே கையெழுத்திடுகிறேன். கருத்தடையைப் பதினாறு வயதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஊரகச் செவிலியர்:
பெற்றோர் வகுப்புக்கு நானே வருகிறேன், ஐயா. வயதில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. 20 முதல் 24 வயது வரையிலான தாய்மாரைவிடப் பதின்வயதுத் தாய்மாருக்குப் பேறுகால வலிப்பும் நோய்த்தொற்றும் வரும் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. பதினைந்து வயதில், ஐந்தாம் மாத வயிற்றைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு என் முன் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு, எப்படிக் கருத்தரித்தோம் என்பதே தெரிந்திருக்கவில்லை.