புதுப்பிப்பு: வாக்கரோடு நடக்கும் அம்மாவுக்குக் கொலனோஸ்கோபி முடிந்தது

பக்கவாதத்துக்குப் பிறகு வாக்கரில் நடக்கும் அம்மாவைக் கொலனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) எப்படித் தயார்படுத்துவது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை பரிசோதனை முடிந்தது. குடல் நன்றாகச் சுத்தமாக இருந்ததாம்.

எங்களைக் காப்பாற்றியது, பதில் எழுதிய சாவகச்சேரி அக்கா சொன்ன கொமோட் கதிரைதான் (இருந்தபடியே மலம் கழிக்க, அடியில் சட்டி வைத்த கதிரை). எங்கள் வீட்டில் கழிவறை கிணற்றடிப் பக்கம். இரவில் அம்மாவால் அவ்வளவு தூரம் போகவே முடியாது. கதிரையை வாடகைக்கு எடுத்துக் கட்டிலோடு ஒட்டி வைத்தோம். குடலைச் சுத்தமாக்கும் பேதி மருந்து குடித்த இரவு மட்டும் 11 தடவை போக வேண்டியிருந்தது!

பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே கீரை, முருங்கைக்காய், குரக்கன், ஒடியல் என்று நார்ச்சத்துள்ளதெல்லாம் நிறுத்தி, வெள்ளை மா இடியப்பமும் மீனும் கொடுத்தோம். பரிசோதனைக்கு முந்தின நாள் தெளிந்த பானங்கள் மட்டும். பேதி மருந்தில் பாதி மாலையில், மீதி விடிய 4 மணிக்கு.

எதிர்பாராதது: எழும்பும்போது அம்மாவுக்குத் தலை சுற்றியது. கட்டில் விளிம்பில் கொஞ்சம் இருத்திவிட்டு எழுப்புங்கோ, தனியே விடாதேங்கோ. அப்புறம், துடைத்துத் துடைத்துத் தோல் புண்ணாகிவிட்டது. வாசலினை மருந்துக்கு முன்பே பூசியிருக்க வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்கும் குளிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்களாக நிறுத்தவில்லை, டொக்டரிடம் கேட்டு அவர் சொன்னபடியே செய்தோம்.